அனைவருக்குமான மலை மிதிவண்டித் தடப் பூங்கா: தன்னார்வலர்கள் எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: மலை மிதிவண்டி, அதாவது மவுண்டன் பைக், ஓட்டுவதற்கான தடங்களைத் தன்னார்வலர்களே வெட்டி, இப்போதுதான் வண்டியில் ஏறக் கற்ற குழந்தை முதல் ஆள் உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும் தேர்ந்தவர் வரை எல்லோருக்கும் பயன்படும் பூங்கா ஒன்றை உருவாக்க முடியுமா, முடியும் என்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும், பெரிய இயந்திரங்கள் இல்லாமல் அது நடக்குமா?

முடியும். அப்படி உருவாகிப் பல ஆண்டுகளாக நன்றாக இயங்கிவரும் பூங்காக்கள் இருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலான குழுக்களின் ஆர்வம் செல்லும் திசை வேறு. மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள். தங்களுக்குப் பிடித்த உயரமான தாவல்களையும் செங்குத்தான இறக்கங்களையும் முதலில் கட்ட அவர்கள் விரும்புவது இயல்பே. புதியவர்களுக்கான தடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகிறது. கடைசியில் அது மீதமிருக்கும் சமதரையில், மழைநீர் தேங்கும் மூலையில் அவசரமாக இழுத்த ஒரு கோடாக முடிகிறது. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. அனைவருக்குமான பூங்கா என்பது அதன் மிக எளிய தடத்தின் மேல்தான் நிற்கிறது; அதற்குத்தான் நிலத்தின் சிறந்த பகுதியையும் குழுவின் சிறந்த கைகளையும் முதலில் ஒதுக்க வேண்டும். இந்தப் பதிலின் மற்றப் பகுதிகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பவை.

முன்மாதிரியாக நான் முதலில் சுட்டுவது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகருக்குக் கிழக்கே இஸ்ஸக்வா அருகில் உள்ள டூதி ஹில் பூங்காவை. சுமார் 120 ஏக்கர் காடு. நிலம் கிங் கவுன்டியின் பூங்காத் துறைக்கு உரியது. தடங்களை எவர்கிரீன் மவுண்டன் பைக் அலையன்ஸ் என்ற அமைப்பு தன்னார்வலர்களைத் திரட்டி அமைத்தது. 2010இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பரப்பளவில் அது பெரிய பூங்கா அன்று. அதன் சிறப்பு அமைப்பில் இருக்கிறது. காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. இறங்கு தடங்கள் அங்கிருந்து பிரிந்து செல்கின்றன. சுற்றிலும் காட்டைத் தழுவிச் செல்லும் நெடுந்தடம் ஒன்று இருக்கிறது. எளிய தடத்தில் ஓட்டி முடித்த ஒருவர் அதே வெட்டவெளிக்குத் திரும்பி வரும்போது, அடுத்த நிலைத் தடத்தில் மற்றவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்பதை நின்று பார்க்க முடிகிறது. பெற்றோர், பிள்ளைகள், முதியவர்கள், போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவதால், கற்றலின் பெரும்பகுதி யாரும் பாடம் நடத்தாமலே நிகழ்கிறது. வரைபடம் போடும் நாளிலேயே இந்த மையத்தைத் தீர்மானிக்க வேண்டும். தடங்களை வெட்டிய பிறகு ஒரு மையத்தை உருவாக்குவது மிகக் கடினம்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் என்பதால் முக்கியம் குறையவில்லை. எழுத்து மூலமான அனுமதி கையில் வரும்வரை ஒரு புல்லைக்கூட வெட்டக் கூடாது. அனுமதியின்றி அமைந்த தடங்கள் எந்த நாளிலும் இடித்துத் தள்ளப்படலாம்; அதைவிட மோசம், அடுத்து முறையாகக் கேட்டு வருபவர்களின் வாய்ப்பையும் அவை கெடுத்துவிடுகின்றன. யார் பராமரிப்பார்கள், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, காப்பீடு யார் பெயரில், பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் எந்தப் பகுதி மூடப்படும், பூங்கா கைவிடப்பட்டால் நிலத்தை யார் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள் ஆகிய அனைத்தும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தரும் சட்டம் உண்டு. நுழைவுக் கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் குறைந்துவிடும். ஆகவே கட்டணமா நன்கொடையா என்ற முடிவு பணத்தை மட்டும் சார்ந்தது அன்று. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இந்த முடிவை எடுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் உறவு முடிந்துவிடுவதும் இல்லை. வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் பர்க்கில் 1994இல் தொடங்கப்பட்ட கிங்டம் டிரெயில்ஸ், பல தனியார் நில உரிமையாளர்களின் நல்லெண்ணத்தால் ஒன்றாக இணைந்த தடங்களின் வலை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் மிதிவண்டிகளுக்கு இடமில்லை என்று அறிவித்தபோது, பெரிதும் விரும்பப்பட்ட தடங்கள் சில ஒரே நாளில் கைவிட்டுப் போயின. வண்டி நிறுத்தும் இடம், கூச்சல், குப்பை, நடப்பவர்களிடம் காட்டும் மரியாதை போன்ற சிறிய செய்திகளே இத்தகைய உறவுகளைக் காப்பதும் முறிப்பதும். நிலத்துக்கு உரியவர் அரசுத் துறையாக இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

இனி நிலைகள். 1988இல் தோன்றிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கமான இம்பா, பனிச்சறுக்கு மைதானங்களின் குறியீட்டு முறையைத் தழுவி ஒரு தரவரிசையை வகுத்தது. இன்று பல நாடுகளில் அதன் ஏதோ ஒரு வடிவம் வழக்கில் உள்ளது. வெள்ளை வட்டம் மிக எளியது, பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் இடைநிலை, கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். இந்த வரிசை ஒருவருடைய துணிச்சலை அளப்பதில்லை. தடத்தின் அகலம், தரையின் உறுதி, சராசரிச் சாய்வு, அதிகபட்சச் சாய்வு, தவிர்க்க முடியாத தடைகளின் உயரம் ஆகிய ஐந்தையும் அளக்கிறது. பச்சைத் தடம் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், சராசரிச் சாய்வு 5 சதவீதத்துக்குள், அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்து மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள், இருக்க வேண்டும், தவிர்க்க முடியாத தடை 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நீலத் தடத்தில் அகலம் 60 சென்டிமீட்டராகவும் சராசரிச் சாய்வு 10 சதவீதமாகவும் தடை 20 சென்டிமீட்டராகவும் இருக்கலாம். கறுப்பில் அகலம் 30 சென்டிமீட்டர் வரை ஒடுங்கலாம், தடை சுமார் 38 சென்டிமீட்டர் வரை உயரலாம்.

இந்த எண்களில் நான் வலியுறுத்துவது 'தவிர்க்க முடியாத' என்ற சொல்லை. ஒரு பச்சைத் தடத்தின் ஓரத்தில் அரை மீட்டர் உயரப் பாறையை வைக்கலாம். அதன் மேல் ஏறி இறங்க விரும்புபவர் ஏறலாம். ஆனால் நடுத்தடத்தில் நேராகச் செல்பவருக்கு அது குறுக்கே வரக் கூடாது. விருப்பத் தேர்வு எப்போதும் முதன்மைத் தடத்தைவிடக் கடினமாக இருக்கட்டும். முதன்மைத் தடம் தன் நிறத்துக்கு உரிய எல்லையை ஓர் இடத்திலும் தாண்டாதிருக்கட்டும். இரண்டு கிலோமீட்டர் பச்சையாக வந்து ஓரிடத்தில் மட்டும் கறுப்பாகிவிடும் தடத்துக்குப் பச்சைப் பலகை வைப்பது பொய் சொல்வதாகும். அதை நம்பி வந்த புதியவர் விழுவார். பலருக்கு அதுவே கடைசி முறையாகிவிடும்.

எளிய தடம் கட்டுவதற்கு எளியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அதைப் போல் கைத்திறன் கேட்கும் தடம் வேறில்லை. கறுப்புத் தடத்தில் வேர்களும் பாறைகளும் தம் இடத்தில் இருக்கலாம். நிலம் எப்படி இருக்கிறதோ அப்படியே பெரும்பகுதியை விட்டுவிடலாம். பச்சைத் தடத்திலோ ஒவ்வொரு மீட்டரும் வெட்டப்பட்டு, கல் பொறுக்கப்பட்டு, சாய்வு பார்க்கப்பட்டு, திமிசுக்கட்டையால் இறுக்கப்பட வேண்டும். ஐந்து சதவீதச் சாய்வுக்குள் நிற்க வேண்டும் என்பதால் அதே உயரத்தைக் கடக்க அதற்குப் பல மடங்கு நீளம் தேவைப்படுகிறது. இருபது மீட்டர் உயரத்தை 15 சதவீதச் சாய்வில் சுமார் 130 மீட்டரில் கடந்துவிடலாம். 5 சதவீதச் சாய்வில் 400 மீட்டர் தேவை. நிலம் இருக்கும்போதே அந்த நீளத்தை ஒதுக்காவிட்டால், பின்னர் எந்த உழைப்பாலும் அதை ஈடுசெய்ய இயலாது. நிலத்தின் நல்ல பகுதியை எளிய தடத்துக்கு முதலில் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

எளிமை என்பது சலிப்பாகவும் இருக்கக் கூடாது. சமமான, நேரான, அகலமான பாதையில் ஒரு குழந்தை பத்து நிமிடத்தில் ஆர்வம் இழந்துவிடும். சிறிய உருண்ட மேடுகள் அடுத்தடுத்து வரவேண்டும். மிதிக்காமல் உடலை அமுக்கியும் தளர்த்தியும் வேகம் பெறலாம் என்பதை அவை கற்பிக்கும். வளைவுகளில் வெளிப்புறம் சாய்கரை, அதாவது உட்புறம் நோக்கிச் சாய்ந்த மண்கரை, கட்டப்பட வேண்டும். பிரேக்கைப் பிடிக்காமல் வண்டியைச் சாய்த்துத் திரும்பும் இன்பத்தை முதல் நாளிலேயே அது தரும். இவ்வாறு பச்சைத் தடத்தில் பழகிய உடல் அசைவுகளே நீலத் தடத்தின் தாவல்களுக்கும், பிறகு கறுப்புத் தடத்துக்கும் அடிப்படை. இந்தச் சிறு மேடுகளில் பழகாமல் துணிச்சலை மட்டும் நம்பிப் பெரிய தாவலுக்குப் போவது ஆபத்து.

தடத்தை அழிப்பதில் சக்கரங்களைவிட நீருக்குப் பங்கு அதிகம். ஆகவே தடம் அமைப்பதன் பாதி அறிவு நீரைப் பற்றியது. மழைநீர் சரிவில் நேர் கீழாக ஓட விரும்புகிறது. தடமும் நேர் கீழாகச் சென்றால் நீர் அதையே தன் வாய்க்காலாக்கிக்கொள்ளும், ஓரிரு மழைக்காலத்தில் அங்கே ஓர் ஓடை இருக்கும். அதனால் தடம் சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, மலையின் சம உயரக் கோட்டை ஒட்டிச் செல்ல வேண்டும். அரைப்பங்கு விதி என்று ஒன்று உண்டு: தடத்தின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் தடம் 15 சதவீதத்துக்குள். சரிவு 12 சதவீதம் மட்டும் என்றால் தடம் 6 சதவீதத்துக்குள். அப்படி இருந்தால்தான் நீர் தடத்தின் வழியே ஓடாமல் தடத்தைக் குறுக்கே கடந்து போகும். மலை செங்குத்தானதாக இருக்கும் இடங்களில் இந்த விதி மட்டும் போதாது. சராசரியாக 10 சதவீதத்துக்குள் நிற்பது பெரும்பாலான மண்வகைகளுக்கு நல்லது.

இதோடு இன்னொன்று. இறங்கிக்கொண்டே வரும் தடம் இடையிடையே சில மீட்டர் தூரம் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். இந்தச் சாய்வு மாற்றத்தின் தாழ்ந்த புள்ளியில் நீர் வெளியேறிவிடும். வேகமாக வரும் வண்டியும் அந்தச் சிறு ஏற்றத்தில் தானாகவே தணியும். இரண்டு தடங்கள் சந்திக்கும் இடத்துக்கு முன்னும், கூரிய வளைவுக்கு முன்னும் இதை வைத்தால் பிரேக் பிடிக்கும் தேவையே குறைகிறது. பிரேக் பிடிக்கும் இடங்களில்தான் தரை அலையலையாகச் சிதைகிறது என்பதால், ஒரே மேட்டினால் நீர், வேகம், பராமரிப்பு ஆகிய மூன்றுக்கும் தீர்வு கிடைக்கிறது. தன்னார்வலருக்கு நான் ஒரே ஒரு நுட்பத்தைத்தான் கற்பிக்கலாம் என்றால் இதையே கற்பிப்பேன்.

சரிவில் தடம் வெட்டும்போது, தடத்தின் முழு அகலமும் மலையின் உறுதியான உடலுக்குள் வெட்டப்பட வேண்டும். வீட்டுத் திண்ணை சுவரோடு ஒட்டி நிற்பதைப் போல, தடம் மலையோடு ஒட்டி நிற்க வேண்டும். உட்புறம் வெட்டிய மண்ணையே வெளிப்புறத்தில் கொட்டிப் பாதி அகலத்தை உருவாக்கும் குறுக்குவழி வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வெளிப்பாதி நாளடைவில் சரிந்துவிடும். மேலே கிடக்கும் இலைமட்கையும் வேர்ப்பின்னலையும் முழுவதும் அகற்றி, அடியில் உள்ள கனிம மண்ணை எட்ட வேண்டும். மட்கின் மேல் கட்டிய தடம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எப்போதும் சேறாகவே இருக்கும். முடிந்த தடம் வெளிப்புறமாகச் சுமார் 5 சதவீதம் சாய்ந்திருக்கட்டும்; 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது 3 சென்டிமீட்டர்தான், கண்ணுக்கு அரிதாகவே தெரியும். சக்கரங்கள் நடுப்பகுதியை அழுத்தி அழுத்தி இந்தச் சாய்வைக் காலப்போக்கில் அழித்துவிடும் என்பதால்தான் சாய்வு மாற்றங்களை நான் முதலில் வைத்தேன். அவை பல ஆண்டுகள் நிலைக்கும்.

மண்ணின் ஈரமும் கவனிக்கத்தக்கது. ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. இந்த நிலையில் இறுக்கினால் மண் கெட்டிப்படும். உலர்ந்த மண்ணில் கட்டிய தாவல்மேடு பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் முதல் மழையிலேயே கரையும். ஆகவே பெரிய மண் வேலைகளை மழைக்காலத்தின் விளிம்பில் வைத்துக்கொள்வதும், உலர்காலத்தில் செடி வெட்டுதல், கல் சேகரித்தல், தடம் குறித்தல் போன்றவற்றைச் செய்வதும் நல்ல திட்டம்.

தாவல்களையும் மரக் கட்டமைப்புகளையும் பற்றி இப்போது. மண்ணால் ஆன தாவல்களில் இரண்டு வகை உண்டு. ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் இடையே மண் நிரப்பி மேடையாக்கியது டேபிள்டாப். இடையில் வெற்றிடம் விட்டது இடைவெளித் தாவல். வேகம் போதாமல் போனவர் டேபிள்டாப்பின் மேடையில் பாதுகாப்பாக இறங்கிவிடலாம், விரும்பினால் தரையை விட்டு எழாமலே உருண்டு கடக்கலாம். இடைவெளித் தாவலில் குறைந்த வேகத்துக்கு மன்னிப்பு இல்லை. அனைவருக்குமான பூங்காவில் நீலம் வரை எல்லாத் தாவல்களும் டேபிள்டாப்பாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. கறுப்பில்கூட அதையே பெரிதாக்கலாம். கனடாவின் விஸ்லர் மிதிவண்டிப் பூங்காவில் உலகப் புகழ் பெற்ற ஏ-லைன் என்ற கறுப்புத் தடம் டேபிள்டாப்புகளால் ஆனது. அதனால் அதன் புகழ் குன்றவில்லை. அங்கே அதற்கு முந்தைய படியாக கிராங்க் இட் அப் என்ற நீலத் தடம் இருக்கிறது. இரண்டும் ஒரே மொழியைப் பேசுகின்றன, அளவு மட்டும் வேறு. அது வணிகப் பூங்கா என்றாலும், ஒரு தடம் அடுத்த தடத்துக்கு ஆயத்தப்படுத்தும் இந்த ஒழுங்கைத் தன்னார்வலர்களும் அப்படியே கைக்கொள்ளலாம்.

விளிம்பிலிருந்து கீழே இறங்கும் டிராப்புகளுக்கும் இதே நெறி பொருந்தும். 30, 60, 120 சென்டிமீட்டர் உயரங்களில் மூன்றை ஒரே வரிசையில் பக்கம்பக்கமாக, ஒரே இறங்குசரிவை நோக்கி அமைத்தால், ஒருவர் சிறியதில் பத்து முறை இறங்கிப் பார்த்துவிட்டு நடுவில் உள்ளதற்கு நகர்வார், தயங்கினால் திரும்பிவிடுவார். அதற்காக ஒரு முழுத் தடத்தையும் ஓட்டி முடிக்க வேண்டியதில்லை. கடினமான தடங்களின் நுழைவாயிலில், அத்தடத்தின் கடினத்தைப் பிரதிபலிக்கும் ஒரு தடையை வேண்டுமென்றே வைப்பது நல்ல வழக்கம். அந்த முதல் தடையைக் கடக்க இயலாதவர் அங்கேயே, விழுந்தாலும் காயம் படாத இடத்திலேயே, இந்தத் தடம் இப்போதைக்குத் தனக்கு உரியதல்ல என்று அறிந்துகொள்கிறார். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் செல்பவர்கள் உண்டு. வாசலில் இருக்கும் பாறையைக் காணாமல் செல்பவர் இல்லை.

மரப் பாலங்களும் ஏணித் தளங்களும் கனடாவின் வான்கூவருக்கு வடக்கே உள்ள நார்த் ஷோர் மலைகளில் பேர்பெற்றவை. சேறும் வேரும் நிறைந்த ஈரக் காட்டைக் கடப்பதற்கு விழுந்த தேவதாரு மரங்களைப் பிளந்து போட்ட பலகைகள் பின்னர் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தன. அழகானவைதாம், ஆனால் புதிய குழுக்கள் இவற்றைக் குறைவாகவே கட்ட வேண்டும் என்பேன். மரம் உளுத்துப்போகும், ஆணி தளரும், ஈரத்தில் வழுக்கும், எப்போது உடையும் என்பது வெளியிலிருந்து தெரியாது. கட்டியே தீர வேண்டும் என்றால் நீல நிலையில் உயரம் 60 சென்டிமீட்டருக்குள்ளும், தளத்தின் அகலம் உயரத்தில் பாதிக்கு மேலும் இருக்கட்டும். மேற்பரப்பில் பிடிமானத்துக்குக் கம்பிவலை அறையுங்கள். விழக்கூடிய இருபுறத்திலும் கூரிய கிளை, அடிக்கட்டை, கல் ஆகியவற்றை அகற்றுங்கள். மண்ணாலும் கல்லாலும் செய்ய முடிந்ததை மரத்தால் செய்ய வேண்டாம். சேறு நிற்கும் தாழ்ந்த இடங்களில் தட்டைக் கற்களை நெருக்கமாகப் பதித்துத் தளம் போடுவது மெதுவான வேலை. ஆனால் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

'எல்லோரும்' என்று சொல்லும்போது பலரும் மறப்பது கைகளால் இயக்கும் மூன்று சக்கர வண்டிகளில் வருபவர்களை. காலால் மிதிக்க இயலாத அவர்களுக்குத் தடம் குறைந்தது 90 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை அகலமாக இருப்பது அவசியம். அதைவிட முக்கியம், தடம் பக்கவாட்டில் அதிகம் சாயாதிருப்பது. இரு சக்கர வண்டி உடலைச் சாய்த்துச் சமாளிக்கும் பக்கச் சரிவில் மூன்று சக்கர வண்டி கவிழ்ந்துவிடும். வளைவுகளின் ஆரமும் பெரிதாக இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நல்ல பச்சைத் தடத்துக்கு எப்படியும் தேவைப்படுபவைதாம். முதலிலேயே நினைவில் வைத்திருந்தால் கூடுதல் உழைப்பு மிகக் குறைவு. ஓட்டிச் செல்லும் வழியில் இரண்டு கல்தூண்களை நெருக்கமாக நட்டு அவர்களை வெளியே நிறுத்திவிடும் வாயில்களை மட்டும் எங்கும் வைக்காதீர்கள்.

தன்னார்வலர்களை நடத்துவது தனிக்கலை. சனிக்கிழமை காலையில் முப்பது பேர் வந்து நிற்கிறார்கள் என்றால், முந்திய நாளே தடம் கொடிகளால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், கருவிகள் எண்ணி வைக்கப்பட்டிருக்க வேண்டும், ஆறேழு பேருக்கு ஒரு வழிநடத்துபவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். வேலை என்னவென்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றவர் அடுத்த முறை வரமாட்டார். மண்வெட்டி, கடப்பாரை, கோடரி, ரம்பம், இரும்புச் சட்டி ஆகியவற்றோடு, காட்டுத்தீயை அணைப்பதற்காக உருவான இரண்டு கருவிகள் தடவேலையில் உலகெங்கும் பயன்படுகின்றன: ஒருபுறம் கோடரியும் மறுபுறம் கொத்தும் கொண்ட புலாஸ்கி, ஒருபுறம் அகன்ற தகடும் மறுபுறம் தடித்த பற்களும் கொண்ட மெக்லியாட். சாய்வுமானி ஒன்று கட்டாயம் வேண்டும். கண் மதிப்பில் சாய்வைச் சொல்பவர்களில் அனுபவசாலிகளும் தவறுவார்கள். வேலை செய்பவர்களுக்கிடையே மூன்று மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கருவியைத் தோளில் சுமக்காமல், சரிவின் தாழ்ந்த பக்கத்துக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டும். ஒரு காயம் ஏற்பட்டுவிட்டால் நில உரிமையாளரின் நம்பிக்கையும் சேர்ந்தே அடிபடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தடம் அமைப்பவர்களிடையே 'தோண்டாதவர் ஓட்டக் கூடாது' என்ற வழக்கு உண்டு. சிறு நட்புக் குழுவின் தாவல்மேடுகளுக்கு அது நியாயமான விதி. பொதுப் பூங்காவுக்கு அது பொருந்தாது என்றே எண்ணுகிறேன். முதல்முறை வரும் குழந்தையிடமோ உடல் ஒத்துழைக்காதவரிடமோ மண்வெட்டியைக் கேட்க முடியாது. மாறாக, தண்ணீர் கொண்டுவருதல், கணக்கு எழுதுதல், பலகைகளுக்கு வண்ணம் தீட்டுதல், புதியவர்களை வரவேற்றல் என்று பலவகை வேலைகளை வைத்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும். நார்த் ஷோரில் 1997 முதல் இயங்கும் மலை மிதிவண்டிச் சங்கம், நிறுவனங்களும் குழுக்களும் தனித்தனித் தடங்களைத் தத்தெடுத்துப் பராமரிப்புச் செலவையும் உழைப்பையும் ஏற்கும் திட்டத்தை நடத்துகிறது. ஒரு தடத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்ற இந்த ஏற்பாடு சிறிய பூங்காவிலும் நன்றாகச் செயல்படும். ஏனெனில் பொதுவாக எல்லோருடையது என்று விடப்பட்ட தடத்தின் வடிகாலை யாரும் தூர்வாருவதில்லை.

பராமரிப்பைக் கட்டும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் தடங்களை நடந்து பார்த்து, வடிகால்களைத் திறந்து, தாவல்களின் விளிம்பைச் செப்பனிட்டு, மரக் கட்டமைப்புகளை ஆட்டிப் பார்த்து, கண்டதைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வழக்கு என்று ஒன்று வந்தால் அந்தக் குறிப்பேடே உங்கள் பாதுகாப்பு. சக்கரம் பதிந்து பள்ளம் விழும் அளவுக்கு மண் ஈரமாக இருக்கும் நாள்களில் தடத்தை மூடிவிடத் தயங்காதீர்கள். பிரிவுகள்தோறும் எண்ணிட்ட கம்பங்கள் இருக்கட்டும். அடிபட்டவர் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னாலே மீட்புக் குழு வந்து சேர வேண்டும், அவர்களுக்கு வாயிற்சாவி முன்கூட்டியே தரப்பட்டிருக்க வேண்டும். பராமரிக்க முடிந்த அளவுக்கு மேல் ஒரு மீட்டர்கூடப் புதிதாக வெட்ட வேண்டாம்.

இயந்திரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒடுக்கமான காட்டுத் தடங்களுக்குக் கைக்கருவிகளே போதும். சொல்லப்போனால் வேர்களைக் காப்பதற்குக் கையே சிறந்தது. பெரிய தாவல்களுக்கும் உயர்ந்த சாய்கரைகளுக்கும் கன மீட்டர் கணக்கில் மண் நகர்த்த வேண்டியிருப்பதால், சிறு அகழ்வு இயந்திரம் ஒன்றைப் பயிற்சி பெற்ற இயக்குநரோடு சில நாள்களுக்கு வாடகைக்கு எடுப்பது தன்னார்வலர்களின் முதுகுக்குச் செய்யும் நன்மை. இயந்திரம் முரட்டு வடிவத்தைத் தரட்டும், இறுதி வடிவத்தைக் கைகள் தரட்டும். கையில் பணமும் ஆளும் குறைவாக இருந்தால், முதல் ஆண்டில் நடு வெட்டவெளி, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பச்சைத் தடம், குழந்தைகளுக்கான சிறு மேடுகளின் வட்டம் ஆகிய மூன்றை மட்டும் முடித்து, ஒரு முழு மழைக்காலம் அவற்றின் மேல் பெய்ய விடுங்கள். நீர் எங்கே நிற்கிறது, மக்கள் எங்கே கூடுகிறார்கள், யார் மறுபடி வருகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, நீலத் தடத்துக்கான கொடிகளை இரண்டாம் ஆண்டில் நடத் தொடங்குங்கள்.